புயல் கரையில் வீடும் காப்பீடும்: ஃபுளோரிடா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபுளோரிடாவில் வீடு வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பாதிக் கேள்விகள் பிரீமியத்தைப் பற்றியவை, மீதி அரசியலைப் பற்றியவை. இரண்டையும் பிரித்துப் பேச முடியாது என்பது என் கருத்து. அதனால் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

அங்கே வீட்டு இன்சூரன்ஸ் ஏன் இவ்வளவு விலை?

பலர் பணம் போட்டு வைத்து, அடிபட்ட சிலருக்கு எடுத்துக் கொடுப்பதுதான் காப்பீடு. பத்தாயிரம் வீடுகள் உள்ள ஊரில் ஒரு வருடத்தில் சில வீடுகளில்தான் தீப்பிடிக்கும். எத்தனை வீடு என்பதைக்கூட ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். புயல் அப்படி வருவதில்லை. பத்து வருடம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரே இரவில் பத்தாயிரம் கூரைகளும் பறந்துவிடும். பணம் போட்ட எல்லோரும் ஒரே நாளில் வந்து நிற்பார்கள்.

அதனால் காப்பீட்டு நிறுவனமே தனக்கு ஒரு காப்பீடு வாங்கிக்கொள்கிறது. இதற்கு மறுகாப்பீடு என்று பெயர். அதை விற்பவர்கள் பெர்முடா, லண்டன், சூரிச், மியூனிக் போன்ற இடங்களில் இருக்கிறார்கள். ஃபுளோரிடா நிறுவனங்களின் மறுகாப்பீட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை புதுப்பிக்கப்படுவது ஜூன் 1ஆம் தேதி. புயல் பருவம் தொடங்குவதும் அன்றுதான். உலகத்தின் வேறு மூலையில் பெரிய பேரிடர் நடந்து மறுகாப்பீட்டுக்காரர்களின் கை சுருங்கினாலும், ஃபுளோரிடாவின் டாம்பா நகரத்தில் ஒருவருடைய பிரீமியம் ஏறும். இங்கே தொழில் செய்யும் உள்ளூர் நிறுவனங்கள் பல சிறியவை, சொந்த மூலதனம் குறைவு. நீங்கள் கட்டும் பணத்தில் பெரிய பங்கு இப்படி வெளியே போய்விடுகிறது.

புயல்கள் கூடிவிட்டனவா, அல்லது வீடுகள் கூடிவிட்டனவா?

இரண்டும் உண்டு. ஆனால் இதுவரை இழப்பு ஏறியதற்குப் பெரிய காரணம் வீடுகள்தான்.

1926 செப்டம்பரில் ஒரு பெரும்புயல் மயாமியை நேராகத் தாக்கியது. அதற்கு முந்தைய சில வருடங்களில் ஃபுளோரிடா நிலத்தின் விலை வெறிபிடித்தது போல ஏறியிருந்தது. ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த அந்த நில மோகத்தைப் புயல் முடித்து வைத்தது. அதே புயல் அதே பாதையில் இன்று வந்தால் சேதம் 20,000 கோடி டாலரைத் தாண்டும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். காற்றின் வேகம் அதேதான். காற்று வந்து மோதும் இடத்தில் நாம் வைத்திருக்கும் பொருள்தான் மாறியிருக்கிறது. 1950இல் ஃபுளோரிடாவின் மக்கள்தொகை சுமார் 28 லட்சம். 2020 கணக்கெடுப்பில் 2 கோடியே 15 லட்சம்.

காலநிலை மாற்றத்தை இதனால் ஒதுக்கிவிட முடியாது. கடல்மட்டம் உயர்ந்திருப்பதால் அதே அளவு புயல் அலை இன்னும் உள்ளே வருகிறது. வெதுவெதுப்பான கடல்மேல் புயல்கள் வேகமாக வலுப்பெறுகின்றன, அதிக மழையைக் கொட்டுகின்றன. இனிவரும் வருடங்களில் இதன் பங்கு கூடத்தான் செய்யும். ஆனால் வெப்பமயமாதலைக் காட்டி, எங்கே வீடு கட்ட அனுமதித்தோம் என்ற கேள்வியிலிருந்து தப்பிக்கும் அரசியல்வாதிகளை நான் ஏற்பதில்லை. காலநிலையைப் பேசாமலே தப்பிக்கிறவர்களையும்தான்.

எல்லோரும் ஆண்ட்ரூ, ஆண்ட்ரூ என்கிறார்களே, அது என்ன?

1992 ஆகஸ்ட் 24 அன்று மயாமிக்குத் தெற்கே, ஹோம்ஸ்டெட் பகுதியில் கரையேறிய ஹரிக்கேன் (பெரும்புயலுக்கு அங்கே அதுதான் பெயர்). ஐந்தாம் வகுப்பு, அதாவது புயல் அளவுகோலின் உச்சம். டேட் கவுன்ட்டியில் (நம் மாவட்டம் போன்றது) மட்டும் 25,000 வீடுகளுக்கு மேல் தரைமட்டமாயின. காப்பீட்டு நிறுவனங்கள் கொடுக்க வேண்டியிருந்த தொகை சுமார் 1,550 கோடி டாலர். பல நிறுவனங்கள் திவாலாயின.

இடிந்த வீடுகளைப் பார்த்தபோது இன்னொரு உண்மை வெளியே வந்தது. கட்டட விதிகள் காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் கூரைப் பலகையை ஆணிக்குப் பதில் ஸ்டேப்பிள் அடித்துப் பொருத்தியிருந்தார்கள். பல இடங்களில் அடித்த ஆணி கீழே இருந்த சட்டத்தில் படவே இல்லை. பரிசோதகர்கள் போதவில்லை, கட்டுமான வேகம் அப்படி. வளர்ச்சியின் அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டதன் விலையை அந்த வீடுகளில் இருந்தவர்கள் கொடுத்தார்கள்.

அதுவரை கம்பெனிகள் கடந்தகால இழப்புகளின் சராசரியை வைத்து பிரீமியம் போட்டுவந்தன. பல பத்தாண்டுகள் பெரிய புயல் வராத காலத்தின் சராசரி அது. ஏஐஆர் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய கேரன் கிளார்க், கணினி மாதிரியை வைத்து ஆண்ட்ரூவின் இழப்பு 1,300 கோடி டாலரைத் தாண்டலாம் என்று சில மணி நேரத்துக்குள் சொன்னார். அன்று பலர் நம்பவில்லை. இன்று அந்த மாதிரிகள் இல்லாமல் யாரும் விலை வைப்பதில்லை.

சிட்டிசன்ஸ் என்பது அரசு நிறுவனமா?

ஆம். லாப நோக்கம் இல்லாத, சட்டத்தால் உருவான காப்பீட்டு நிறுவனம். தனியார் நிறுவனம் பாலிசி தர மறுத்தால் கடைசியாகப் போய் நிற்கும் வாசல் அது.

கதை சுருக்கமாக இதுதான். ஆண்ட்ரூவுக்குப் பிறகு பெரிய தேசிய நிறுவனங்கள் ஃபுளோரிடாவை விட்டு ஓடப் பார்த்தன. அரசு முதலில் பாலிசிகளை ரத்து செய்யத் தடை போட்டது. 1993இல் ஹரிக்கேன் பேரிடர் நிதி என்று ஒன்றை அமைத்து, நிறுவனங்களுக்கு மலிவான மறுகாப்பீடு கொடுத்தது. கைவிடப்பட்ட வீடுகளுக்கென்று இருந்த இரண்டு அரசுசார் அமைப்புகளை 2002இல் ஒன்றாக்கி, சிட்டிசன்ஸ் பிறந்தது. இரண்டே வருடத்தில் சோதனை வந்தது. 2004இல் சார்லி, ஃபிரான்சஸ், ஐவன், ஜீன் என்று சுமார் ஆறு வாரத்தில் நான்கு புயல்கள். 2005இல் வில்மா. சிட்டிசன்ஸ் பெரிய பற்றாக்குறையில் விழுந்தது.

அதன் பாலிசி எண்ணிக்கையைப் பார்த்தாலே மாநிலத்தின் காய்ச்சல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். 2012 வாக்கில் சுமார் 15 லட்சம். 2019இல் நான்கரை லட்சத்துக்கும் கீழே. 2023 இலையுதிர் காலத்தில் மறுபடியும் 14 லட்சத்தை ஒட்டி. கடைசி வாசலாக இருக்க வேண்டியது அப்போது மாநிலத்தின் மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டு நிறுவனமாக ஆகியிருந்தது.

என் வீடு ஆர்லாண்டோவில், கடலிலிருந்து தள்ளி இருக்கிறது. கடற்கரை வீட்டுக்காரருக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

நியாயமான கேள்வி. ஆனால் சட்டப்படி நீங்கள் கட்டத்தான் வேண்டும். சிட்டிசன்ஸின் கையிருப்பு தீர்ந்தால் முதலில் அதன் வாடிக்கையாளர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்கும். அதுவும் போதாவிட்டால் மாநிலம் முழுவதும், எந்த நிறுவனத்தில் பாலிசி எடுத்தவராக இருந்தாலும், வீட்டுக் காப்பீடு, கார் காப்பீடு இரண்டின்மீதும் சதவீதக் கணக்கில் ஒரு கட்டணம் விழும். 2005 புயல்களின் கடனுக்காகப் போட்ட கட்டணம் 2015 வரை நீடித்தது. சொந்த வீடே இல்லாமல், வாடகை வீட்டில் இருந்துகொண்டு பழைய கார் ஓட்டுகிறவரும் அந்தப் பணத்தைக் கட்டினார். மக்கள் இதைப் புயல் வரி என்று அழைத்தார்கள், சரியாகத்தான் அழைத்தார்கள்.

அரசு தலையிட்டு விலையைக் குறைத்தால் மக்களுக்கு நல்லதுதானே?

2007 ஜனவரியில் ஆளுநர் சார்லி கிறிஸ்ட் அதைத்தான் செய்தார். சிறப்புக் கூட்டத் தொடரில் சிட்டிசன்ஸின் விலை உயர்வைத் திரும்பப் பெற்று, அப்படியே உறைய வைத்தார்கள். பேரிடர் நிதியின் பொறுப்பைப் பெரிதாக்கினார்கள். சிட்டிசன்ஸ் தனியாருடன் போட்டி போடலாம் என்றும் ஆக்கினார்கள். மக்கள் வரவேற்றார்கள். பிரீமியம் இரட்டிப்பாகி, வீட்டை விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஓய்வூதியக்காரருக்கு அது உண்மையான நிம்மதி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அபாயம் எங்கும் போகவில்லை. அதன் விலைச்சீட்டு மட்டும் கிழிக்கப்பட்டது. உண்மையான செலவுக்குக் கீழே அரசே விற்கும்போது தனியார் ஏன் இருக்க வேண்டும்? ஒரு பெரும்புயல் வந்திருந்தால் மொத்தச் சுமையும் மாநிலத்தின் தலையில் விழுந்திருக்கும். நிதிச் சந்தைகள் உறைந்துபோன 2008இல் அது நடந்திருந்தால் கடன் கொடுக்கக்கூட ஆள் இருந்திருக்காது. நடக்கவில்லை. 2005 அக்டோபரில் வில்மா போன பிறகு, 2016 செப்டம்பரில் ஹெர்மைன் வரும்வரை ஒரு ஹரிக்கேன்கூட ஃபுளோரிடாவில் கரையேறவில்லை. கிட்டத்தட்ட பதினோரு வருட அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தைத் தங்கள் திறமை என்று எல்லாக் கட்சிக்காரர்களும் நினைத்துக்கொண்டார்கள்.

2010 முதல் சிட்டிசன்ஸின் விலை வருடத்துக்கு 10%க்கு மேல் ஏறக்கூடாது என்று வைத்தார்கள். அந்த வரம்பு பின்னர் ஒவ்வொரு வருடமும் ஒரு சதவீதமாக 15% வரை உயரும்படி திருத்தப்பட்டது. மெதுவாகவாவது விலை உண்மையை நோக்கி நகர்வது நல்லதுதான்.

வழக்கறிஞர்கள்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார்களே?

பெரிய காரணங்களில் ஒன்று. மாநிலக் காப்பீட்டுக் கட்டுப்பாட்டு அலுவலகம் சொன்ன கணக்குப்படி, 2019இல் அமெரிக்கா முழுவதிலும் வந்த வீட்டுக் காப்பீட்டு இழப்பீட்டுக் கோரிக்கைகளில் ஃபுளோரிடாவின் பங்கு சுமார் 8%. ஆனால் அவை தொடர்பான வழக்குகளில் சுமார் 76%. கூரை போடுகிற ஒப்பந்தக்காரர் கதவைத் தட்டி, "உங்கள் கூரையில் புயல் சேதம் இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள், புதுக் கூரை இலவசம்" என்பார். அந்தக் கையெழுத்தால் இழப்பீட்டு உரிமை அவருக்கு மாறிவிடும். அப்புறம் வழக்கு. வென்றால் வழக்கறிஞர் கட்டணத்தை நிறுவனம் கட்ட வேண்டும், தோற்றால் வீட்டுக்காரர் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டியதில்லை. 2022 டிசம்பர் சிறப்புக் கூட்டத் தொடரில் உரிமை மாற்றம், கட்டண விதி இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. அநியாயமாக மறுக்கப்பட்ட இழப்பீட்டுக்காகப் போராடும் சாதாரண வீட்டுக்காரரின் ஆயுதமும் அதோடு சேர்ந்து போய்விட்டது. இன்னொன்று: நஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்த சில ஆண்டுகளில் உள்ளூர் நிறுவனங்கள் தங்களோடு தொடர்புடைய சகோதர நிறுவனங்களுக்குக் கட்டணம் என்ற பெயரில் பெரும் பணத்தை மாற்றியிருந்ததை அரசே செய்வித்த ஓர் ஆய்வு காட்டியது. 2025இல் பத்திரிகைகள் வெளிக்கொண்டு வரும்வரை அந்த ஆய்வு பொதுமக்கள் கண்ணில் படவில்லை. பழி முழுவதையும் வழக்கறிஞர் தலையில் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

வெள்ளம் வந்தால் வீட்டு பாலிசி பணம் தருமா?

தராது. காற்று கூரையைப் பிய்த்தால் வீட்டு பாலிசி, தரையிலிருந்து தண்ணீர் ஏறி உள்ளே வந்தால் தனி வெள்ளக் காப்பீடு. பெரும்பாலும் அது 1968இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம். வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், பொருட்களுக்கு 1,00,000 டாலர்.

2005இல் வந்த கத்ரினா புயலுக்குப் பிறகு மிசிசிப்பி கடற்கரையில் அடித்தளம் மட்டும் மிஞ்சிய மனைகளில் நின்றுகொண்டு, வீட்டைக் கொண்டுபோனது காற்றா தண்ணீரா என்று வருடக்கணக்கில் சண்டை நடந்தது. அமெரிக்க செனட்டர் டிரென்ட் லாட்டின் வீடும் அப்படிப் போனது. அவரும் தன் காப்பீட்டு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. ஒரு செனட்டருக்கே அந்த நிலை.

வெள்ளத் திட்டத்தின் கதையும் சிட்டிசன்ஸ் கதையைப் போன்றதுதான். விலையை உண்மையான அபாயத்துக்கு உயர்த்த 2012இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. கரையோர மக்கள் கொதித்தார்கள். 2014இல் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றார்கள். 2017இல் 1,600 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்த பிறகும் 2,000 கோடிக்கு மேல் கடன் நிற்கிறது. 2021 முதல் ஒவ்வொரு வீட்டின் அபாயத்தையும் தனித்தனியாகக் கணக்கிடும் புதிய முறை வந்திருக்கிறது, பெரும்பாலான வீடுகளுக்கு ஆண்டு உயர்வு 18%க்கு மேல் போகக்கூடாது என்ற வரம்போடு.

இவ்வளவு தெரிந்தும் ஏன் கரையோரத்தில் கட்ட அனுமதித்துக்கொண்டே இருக்கிறார்கள்?

எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஃபுளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது. பள்ளிக்கூடம், சாலை, போலீஸ் எல்லாவற்றுக்கும் நகரங்களும் கவுன்ட்டிகளும் சொத்து வரியையே பெரிதும் நம்பியிருக்கின்றன. அதிலும் ஒரு முடிச்சு. 1992இல் மக்கள் வாக்களித்து ஏற்ற ஒரு திருத்தத்தின்படி, சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 3%க்கு மேல் உயரக்கூடாது. வீடு கைமாறும்போதுதான் சந்தை மதிப்புக்கு வரும். ஆக, பழைய குடியிருப்பாளரிடமிருந்து கூடுதல் பணம் வராது. செலவு ஏறும்போது நகர மன்றத்துக்குக் கை கொடுப்பது புது வீடும் புது ஆளும்தான். விலை உயர்ந்த புது வீடு எங்கே வரும்? தண்ணீர் தெரியும் இடத்தில்.

கேப் கோரல் என்ற ஊரைப் பாருங்கள். 1957இல் பால்டிமோரிலிருந்து வந்த ரோசன் சகோதரர்கள் தென்மேற்குக் கரையின் தாழ்வான நிலத்தில் கால்வாய்கள் வெட்டி, வெட்டிய மண்ணையே கொட்டி மேடாக்கி, அமெரிக்கா முழுவதும் தவணைமுறையில் மனை விற்றார்கள். சுமார் 400 மைல் நீளத்துக்குக் கால்வாய்கள். கழிவுநீர் வசதியோ, பள்ளிக்கு இடமோ யோசிக்காமல் பிறந்த ஊர். 2020இல் அதன் மக்கள்தொகை சுமார் 1,94,000. 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் அந்தக் கரையில்தான் ஏறியது. நாடு முழுவதும் சேர்த்து சேதம் 11,000 கோடி டாலருக்கு மேல். ஃபுளோரிடாவில் மட்டும் ஏறக்குறைய 150 பேர் இறந்தார்கள்.

இங்கே யாரும் கெட்ட எண்ணத்தோடு செயல்பட வேண்டியதே இல்லை. மனை விற்றவருக்கு விற்ற அன்றே லாபம். அனுமதி கொடுத்த நகர மன்றத்துக்கு அடுத்த வருடமே வரி. உறுப்பினரின் பதவிக்காலம் நான்கு வருடம். புயல் பதினைந்து வருடம் கழித்து வரலாம். அன்று இழப்பைக் கட்டுவது மாநிலக் காப்பீடு, கூட்டாட்சி வெள்ளத் திட்டம், பேரிடர் நிவாரணம். முடிவெடுத்தவர் ஒருவர், பணம் கட்டுகிறவர் வேறொருவர். இடையில் "இங்கே கட்டாதே" என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பது பிரீமியம் ஒன்றுதான். அதனால்தான் தேர்தல் வரும்போதெல்லாம் அதன் வாயைப் பொத்துகிறார்கள்.

வளர்ச்சியைக் கட்டுப்படுத்த முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1985இல் ஃபுளோரிடா கொண்டுவந்த வளர்ச்சி மேலாண்மைச் சட்டம் நாட்டுக்கே முன்மாதிரியாகப் பேசப்பட்டது. உள்ளூர்த் திட்டங்களை மாநிலம் ஆய்வு செய்து, தவறாக இருந்தால் நிறுத்தலாம். 2011இல் ரிக் ஸ்காட் ஆளுநராக இருந்தபோது அந்தப் பணியைச் செய்த துறையையே கலைத்து, மிஞ்சிய வேலைகளைப் பொருளாதார வாய்ப்புத் துறையில் சேர்த்தார்கள். 2025இல் ஆளுநர் ரான் டிசாண்டிஸ் கையெழுத்திட்ட இன்னொரு சட்டம் அதற்கும் ஒரு படி மேலே போனது. புயல் பாதித்த கவுன்ட்டிகள் தங்கள் நில மேம்பாட்டு விதிகளை 2027 அக்டோபர் வரை கடுமையாக்கக் கூடாது என்றது. மக்கள் வேகமாக வீடு திரும்பக் கட்ட வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். 67 கவுன்ட்டிகளும் அதற்குள் வந்துவிட்டன. புயலில் பாடம் கற்ற ஊர், கற்ற பாடத்தை விதியாக எழுத முடியாது. பல நகரங்களும் கவுன்ட்டிகளும் இதை எதிர்த்து நீதிமன்றம் போயின.

மானியத்தை நிறுத்தினால் கட்டுவது நிற்குமா?

ஓர் உதாரணம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1982இல் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட கடலோரத் தடுப்புத் தீவுகள் சட்டம். இன்னும் வீடு வராத தீவுகளையும் மணல்திட்டுகளையும் வரைபடத்தில் குறித்து, இங்கே கூட்டாட்சி அரசின் வெள்ளக் காப்பீடு கிடையாது, சாலைக்கும் பாலத்துக்கும் பணம் கிடையாது என்றது. கட்டாதே என்று தடை போடவில்லை. உன் காசில், உன் பொறுப்பில் கட்டிக்கொள் என்றது. அப்படிக் குறித்த இடங்களில் பெரும்பாலானவை இன்றும் அதிக வீடுகள் இல்லாமல் இருக்கின்றன. வட கரோலினாவின் நார்த் டாப்செயில் பீச் போன்ற சில இடங்களில் மக்கள் கட்டத்தான் செய்தார்கள். ஆனாலும் ஒட்டுமொத்தமாக இந்தச் சட்டம் வேலை செய்தது. சுற்றுச்சூழல்காரர்களும் செலவைக் குறைக்க நினைத்த பழமைவாதிகளும் சேர்ந்து நின்றதால் வந்த சட்டம் இது.

மற்ற கரையோர மாநிலங்கள் எப்படி?

லூசியானா இன்னும் மோசமாக அடிபட்டது. 2020இல் லாராவும் டெல்டாவும், 2021இல் ஐடாவும் வந்த பிறகு சுமார் ஒரு டஜன் நிறுவனங்கள் திவாலாயின. அங்கேயும் சிட்டிசன்ஸ் என்ற பெயரில் அரசு நிறுவனம் உண்டு. சந்தை விலையைவிட அதிகம் வாங்க வேண்டும் என்று சட்டம் இருந்ததால், 2023இல் அது விலையைச் சராசரியாக 63% ஏற்றியது. உண்மையான விலையை ஒரே நாளில் மக்கள் தலையில் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. பலர் காப்பீட்டையே விட்டார்கள்.

அலபாமாதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. அங்கே கூரையை வலுப்படுத்த வீட்டுக்காரருக்கு 10,000 டாலர்வரை அரசு கொடுக்கிறது. அந்தப் பணம் காப்பீட்டுத் துறையிடமிருந்து வாங்கும் கட்டணத்திலிருந்து வருகிறது. குறிப்பிட்ட தரத்துக்குக் கூரை போட்டவருக்கு நிறுவனங்கள் பிரீமியத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்று சட்டம். அந்தத் தரத்தில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. வளைய வரியுள்ள ஆணி, கூரைப் பலகைகளின் இடுக்குகளை மூடும் நாடா, விளிம்பில் உறுதியான தகடு. 2020இல் சாலி புயல் அந்தக் கரையை அடித்தபோது அப்படிக் கட்டிய வீடுகள் நன்றாகத் தாங்கின. லூசியானா இப்போது இதைப் பின்பற்றுகிறது.

அப்படியானால் நன்றாகக் கட்டினால் போதுமே?

பாதி வெற்றி அதில் இருக்கிறது. 2002இல் ஃபுளோரிடா மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதி கொண்டுவந்தது, நாட்டிலேயே கடுமையான விதிகளில் ஒன்று. ஆனால் அதிலும் அரசியல் புகுந்தது. வடமேற்கே பேன்ஹேண்டில் பகுதியில், கரையிலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் உள்ள வீடுகளுக்கு, பறந்து வரும் பொருட்களிலிருந்து ஜன்னலைக் காக்கும் விதி பொருந்தாது என்று விலக்கு கொடுத்தார்கள். பிறகு அதை நீக்கினார்கள், ஆனால் அதற்குள் கட்டியவை கட்டியவைதான். 2018 அக்டோபரில் அதே பேன்ஹேண்டிலில் மைக்கேல் என்ற ஐந்தாம் வகுப்புப் புயல் வந்தது. மெக்சிகோ பீச் ஊரில் வரிசை வரிசையாக வீடுகள் துடைத்தெடுக்கப்பட, விதி கேட்டதைவிட வலுவாகக் கட்டிய ஒரு வீடு தூண்கள்மேல் அப்படியே நின்றது. அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஃபோர்ட் மையர்ஸுக்கு வடகிழக்கே, கரையிலிருந்து தள்ளி, உயரமான நிலத்தில் அமைந்த பாப்காக் ராஞ்ச் என்ற புது ஊர் இயன் புயலில் மின்சாரம்கூடப் போகாமல் தப்பியது. இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. கூரை காற்றைத் தாங்கும். பத்தடி கடல் தண்ணீரை எந்தக் கூரையும் தாங்காது.

விலை உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் வசதியில்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

அவர்களுக்குப் பணமாக, வெளிப்படையாக உதவ வேண்டும். எல்லோருக்கும் விலையைக் குறைத்தால் அதில் பெரிய பங்கு கடற்கரை மாளிகைக்குத்தான் போகிறது. சக்கரவீட்டில் குடியிருக்கும் முதியவருக்குச் சில்லறைதான் மிஞ்சுகிறது. கடன் இருக்கும்வரை வங்கி காப்பீட்டைக் கட்டாயமாக்கும். கடனை அடைத்த பலர், குறிப்பாக வயதானவர்கள், கட்ட முடியாமல் பாலிசியை விட்டுவிடுகிறார்கள். அடுத்த புயலில் அவர்களுக்கு மிஞ்சுவது வெறும் மனை. அதைக் குறைந்த விலைக்கு வாங்க ஆள் காத்திருக்கும். அங்கே எழுவது இன்னும் பெரிய வீடு. மாநிலத்தில் 2006இல் தொடங்கி, நின்றுபோய், 2022இல் மறுபடி உயிர்பெற்ற வீடு வலுப்படுத்தும் மானியத் திட்டம் இந்த இடத்தில் உதவலாம். அதற்கு நிதி ஒதுக்கும் போதெல்லாம் பணம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. தேவை எவ்வளவு என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

2022க்குப் பிறகு நிலைமை சரியாகிவிட்டதா?

தேறியிருக்கிறது. புது நிறுவனங்கள் வந்திருக்கின்றன. சிட்டிசன்ஸின் பாலிசிகள் 2024 முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் கீழே வந்தன. பிரீமியம் ஏறும் வேகம் தணிந்திருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2024இல் ஹெலீன், மில்டன் இரண்டும் வந்தும் டாம்பா நகரத்தின்மீது நேரடியான அடி விழவில்லை. மில்டன் கொஞ்சம் தெற்கே, சியெஸ்டா கீயில் கரையேறியது. அந்த விலகலைச் சீர்திருத்தத்தின் கணக்கில் எழுதக்கூடாது.

வீடு வாங்கப் போகிறேன். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

விலை பேசுவதற்கு முன்பே காப்பீட்டுக்கு விலைப்புள்ளி வாங்குங்கள், பேசி முடித்த பிறகு அல்ல. வீடு 2002 விதிக்குப் பிறகு கட்டியதா, கூரைக்கு எத்தனை வயது என்பதை முதலில் கேளுங்கள். கூரை பழையதாக இருந்தால் பல நிறுவனங்கள் பேசவே மாட்டார்கள். காற்றுத் தாங்கும் அம்சங்களைச் சோதிக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. கூரைக்கும் சுவருக்கும் இடையில் உலோகப் பட்டை இருக்கிறதா, ஜன்னலுக்குக் காப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கான தள்ளுபடியைத் தர நிறுவனம் கடமைப்பட்டது, கேட்டு வாங்குங்கள்.

ஹரிக்கேன் டிடக்டிபிள் தனி. புயல் சேதத்தில் முதலில் உங்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகை அது, பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டு மதிப்பில் 2%, 5% அல்லது 10%. நான்கு லட்சம் டாலர் வீட்டுக்கு 5% என்றால் 20,000 டாலர். பிரீமியம் குறைகிறதே என்று 10% எடுத்துவிட்டு, பிறகு கூரைக்குப் பணமில்லாமல் நிற்காதீர்கள்.

2024 அக்டோபர் முதல், வீட்டின் வெள்ள வரலாறு பற்றி விற்பவர் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதை நிதானமாகப் படியுங்கள். வெள்ள வரைபடத்தில் ஆபத்தான பகுதிக்கு வெளியே இருந்தாலும் வெள்ளக் காப்பீடு எடுங்கள். கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, வட கரோலினா மலையில் ஹெலீன் வெள்ளத்தில் வீடிழந்தவர்களில் பெரும்பாலானோரிடம் அது இல்லை. வீடு வாங்கக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் நாளில் அதோடு சேர்த்து எடுத்தால் உடனே அமலுக்கு வரும். பிறகு எடுத்தால் தேசியத் திட்டத்தில் 30 நாள் காத்திருக்க வேண்டும். புயல் படம் டிவியில் வந்த பிறகு எடுத்தால் பயனில்லை. ஏப்ரல் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.